அண்ணன் விரலுக்கு வராத எண்

எங்கள் வீட்டு ஆக்சிமீட்டருக்கு என் அண்ணன் உயிரோடு இருப்பதில் நம்பிக்கை இருந்ததில்லை. தினமும் காலை ஆறரை மணிக்கு, காப்பிக்கு முன்னால், அதை அவர் விரலில் மாட்டுவேன். சிவப்பு விளக்கு எரியும். கருவி கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடுகளைக் காட்டும். கழற்றி என் விரலில் மாட்டினால் உடனே தொண்ணூற்றெட்டு.

"செத்தவன் வெரல்ல மாட்டுனாலும் இதையேதானலே காட்டும்?" என்பார் அண்ணன்.

"செத்தவன் காப்பிக்குச் சீனி பத்தலைன்னு சொல்ல மாட்டான்" என்பேன்.

அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்து நான்கு. அவர் மனைவியும் என் மனைவியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார்கள். அவருடைய மகன் பெங்களூரில். எனக்குப் பிள்ளை இல்லை. ஆகவே பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிக்கு அவர் வந்தார். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு ஆள் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

நாற்பது வருடச் சிகரெட்டும் இருபத்தைந்து வருடச் சர்க்கரையும் அவருடைய ரத்தக் குழாய்களை ஒரு வழி பண்ணியிருந்தன. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. கைவிரல்கள் இருந்தன, ஆனால் சித்திரை வெயிலிலும் கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லிட்டிருக்கும். நகங்கள் நாவற்பழ நிறம்.

அவர் ஆழ்வார்குறிச்சியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எந்த எண் கண்ணில் பட்டாலும் அதை உடைத்துப் பார்க்காமல் விடமாட்டார். பஸ் நம்பர், கதவு எண், மருந்துச் சீட்டு, எதுவானாலும் எதால் வகுபடும் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பார். நான் ஓர் அரசு மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த விதியின் கீழ் யார் என்னிடம் விளக்கம் கேட்பார்கள், எத்தனை நாளுக்குள் நான் பதில் தர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் வேலையை ஒரு வேலை என்று அண்ணன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"தபால வாங்கி, நம்பர் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுத உத்தியோகம். இதுக்கு ஒரு பேனா, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன்" என்பார். கல்யாண வீடுகளில், பந்தியில், நாலு பேர் கேட்கும்படி.

ஆக்சிமீட்டரைப் பற்றி அவருக்கு நான்தான் விளக்கினேன். விரலின் ஒரு பக்கம் இரண்டு விளக்குகள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, இன்னொன்று தெரியாது. மறுபக்கம் ஒளியை உணரும் சிறு துண்டு. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் அந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தோலும் நகமும் எலும்பும்கூட ஒளியை உறிஞ்சும் என்பதால், நாடி துடிக்கும்போது வந்து போகிற சிறு மாற்றத்தை மட்டுமே கருவி கணக்கில் எடுக்கும். துடிப்பு விரல் நுனி வரை வந்து சேராவிட்டால் அது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல கருவி கோடு காட்டிவிடும். சுமாரான கருவி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

"அப்பம் நல்ல மெஷினுதான் தெரியாதுன்னு சொல்லும். உன்ன மாதிரி ஆளுதான் எதையாவது எழுதுவான்" என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது படிப்பால் அல்ல, கோப்பால். தொற்றுக் காலத்தில் மருத்துவமனைக்கு ஆக்சிமீட்டர்கள் வாங்க அமைத்த குழுவுக்கு நான் செயலாளர். மயக்க மருந்துப் பிரிவின் பெண் மருத்துவர் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்: ரத்த ஓட்டம் குறைந்த விரலிலும் கருவி சரியாக அளக்க வேண்டும், நெற்றியில் கட்டும் உணரியும் கூடவே வர வேண்டும். அந்த நிபந்தனைக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் தேறியது. ஒரே நிறுவனம் தேறினால் போட்டி இல்லை. போட்டி இல்லை என்றால் தணிக்கைத் தடை வரும்.

"மேடம், ரத்தம் ஓடாத வெரலுல எப்படிச் சோதிச்சு வாங்குதது? பிணவறைல இருந்து ஒரு ஆளக் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டேன். குழு சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு நாள் வார்டுக்கு வாங்க சார். உயிரோட இருக்க வெரலயே காட்டுதேன்" என்றார்.

நான் போகவில்லை. நிபந்தனையைச் சிவப்பு மையில் அடித்தேன். மூன்று நிறுவனங்கள் தேறின. தணிக்கையில் ஒரு கேள்வியும் வரவில்லை. என் பணிக்காலத்தில் நான் பெருமைப்பட்ட கோப்புகளில் அது ஒன்று.

போன ஐப்பசியில் அடைமழை. அண்ணன் என்னிடம் சொல்லாமல் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு வந்தார். மூன்று நாள் காய்ச்சலும் சளியும். நான்காம் நாள் காலை மாடிப்படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"படி ஏழுதானலே பாக்கி?" என்றார்.

"எட்டு."

"ஒண்ணு கூடிட்டு போல" என்று உட்கார்ந்தார். மேல்மூச்சு வாங்கியது.

ஆட்டோவில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கூட்டிப் போனேன். தனியார் ஆஸ்பத்திரி வழியில் இரண்டு இருந்தன. ஆனால் அங்கே எனக்கு யாரையும் தெரியாது, எந்த நடைமுறையும் என்னுடையது அல்ல. என் வேலையைப் பற்றி அவர் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சுக்கு அன்று ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. இதை அப்போது என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

"பத்து நிமிசத்துல பெட்டு வாங்கித் தாரேன், பாரு" என்றேன்.

"வாங்கு. தபால் உத்தியோகம் இன்னைக்காவது உதவுதான்னு பாப்போம்" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வைத்து.

வாசலில் நோயாளிகளைத் தரம் பிரிக்கிற மேசை. குடையும் ஈரமுமாக நாற்பது பேர் நின்றார்கள். பழைய ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, அண்ணனின் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டார். மேசைக்குப் பின்னால் ஓர் இளம் நர்ஸ். அவர் முன் ஒரு படிவம்: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன். மூச்சுக் கட்டத்தில் இருபது என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான் பார்த்த கேஸ் ஷீட்டுகளில் எல்லாரும் நிமிடத்துக்கு இருபது முறைதான் மூச்சு விட்டார்கள். வேகமாக விட்டவர்களும் இருபது, நிறுத்தப்போகிறவர்களும் இருபது.

மேசை மேல் இருந்தது நாங்கள் வாங்கிய கருவி. திரை நர்ஸைப் பார்த்து இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, நோயாளியின் விரலில் கிளிப்பாக முடியும்.

ஆள்காட்டி விரலில் கோடு. நடுவிரலில் கோடு. மோதிர விரலில் எழுபத்தொன்று என்று வந்து உடனே மறைந்தது. இன்னொரு கையிலும் கோடு.

"தாத்தா வெரலு ஐஸா இருக்கு சார்" என்றார் நர்ஸ். "கையுறைல வெந்நி ஊத்திக் கொண்டு வாரேன். கைல வச்சிருந்தா சூடாகும். ரெண்டு நிமிசம்."

"போய்ட்டு வா தாயி" என்றார் அண்ணன். "நான் எங்கயும் போகல."

நர்ஸ் உள்ளே போனார். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவம் உள்ளே போகாது. போனாலும் திரும்பி வரும். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். 'எந்தக் கட்டமும் காலியாக விடப்படக் கூடாது' என்பது அதன் இரண்டாம் பத்தி. நான்காம் பத்தியும் ஒன்று உண்டு: விரலில் எண் வராத நோயாளிக்கு எண் எழுதக் கூடாது, காத்திருக்க வைக்காமல் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அதை அந்த மயக்க மருந்து மருத்துவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்ய வைத்தேன். நான்காம் பத்தியை யாரும் படிப்பதில்லை. ஆனால் அன்று எனக்கு அது நினைவில் இருந்தது என்பதுதான் விஷயம். நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் நான் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே விடமாட்டார்கள். என் பத்து நிமிடம் போய்விடும்.

அண்ணனின் மடியில் ஈரத் துண்டு கிடந்தது. அதன் அடியில் அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன்.

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எட்டித் திரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். "ரெண்டு, ஏழு, ஏழு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குப் பதிலா நீ பரீட்ச எழுதுத. எங்க பள்ளிக்கூடத்துல இதுக்கு மூணு வருசம் தடைலே" என்றார்.

"சும்மா இரு அண்ணே. பாஸ் ஆனாப் போதும்."

நர்ஸ் வந்தார். கையில் வெந்நீர் நிரப்பி முடிச்சுப் போட்ட ரப்பர் கையுறை, ஐந்து விரலும் விறைத்துக்கொண்டு. திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டா சார்?"

"வந்துட்டு."

அவர் எழுதினார். படிவம் நிறைந்தது. வெந்நீர்க் கையுறையை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணன் கையில் கொடுத்தார். வார்டு வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார் அண்ணன். ஒன்பதாவது நிமிடத்தில் பெட் கிடைத்தது. கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

"பரவால்லலே" என்றார். அறுபத்து நான்கு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அது சாதாரண வார்டு. ஆக்சிஜன் குழாய் உள்ள கட்டில்கள் தொண்ணூற்று நான்குக்குக் கீழே உள்ளவர்களுக்கு. வார்டு நர்ஸ் விரலில் மாட்டிப் பார்த்தார், கோடு வந்தது. படிவத்தைப் பார்த்தார். "வாசல்ல தொண்ணூத்தெட்டு இருந்திருக்கே. வெரலு குளுந்திருக்கு, அதான்" என்று அதையே எழுதிக்கொண்டார். மதியம் வந்தவர் காலையில் எழுதியதைப் பார்த்து எழுதினார். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தொண்ணூற்றெட்டு உள்ள ஒருவருக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் ஒரு மாதிரி ஆனார். போர்வையை இழுத்து இழுத்து எறிந்தார். ஜன்னலை அடைக்கச் சொன்னார், அடைத்ததும் திறக்கச் சொன்னார். வார்டு ஆயாவைத் தலைமையாசிரியர் என்று நினைத்து வணக்கம் சொன்னார்.

"கோட்டி பிடிச்சிட்டா அண்ணே?" என்றேன்.

கட்டிலின் தலைமாட்டில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது வகுபடாது" என்றார். "பகா எண்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்று. ஐந்தாம் வகுப்பில் நான் இதே தவறைச் செய்தபோது ஸ்கேலின் விளிம்பால் மணிக்கட்டில் அடித்தவர் அவர். பக்கத்துக் கட்டிலுக்கு ஏரலிலிருந்து வந்திருந்த வாழை வியாபாரியிடம் திரும்பி, "அண்ணாச்சி, இவரு கணக்கு வாத்தியாரு. தொண்ணூத்தொண்ண ஏழால வகுக்கத் தெரியல்ல, பாத்துக்கிடும்" என்றேன்.

"வயசாயிட்டுல்லா வே" என்று அவர் சிரித்தார். அவருடன் வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல்.

வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மயக்க மருந்து மருத்துவர் வேறொரு நோயாளியைப் பார்க்க வார்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. இப்போது துறைத் தலைவர். என்னைப் பார்த்து ஒரு புன்னகை தொடங்கி, அது முடிவதற்குள் அண்ணனைப் பார்த்தார். மூன்று கட்டில் தள்ளி இருந்தவர் ஓடி வந்தார். மார்பைப் பார்த்தபடி கைக்கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினார். இருபது இல்லை. இருபதின் இரண்டு மடங்கு. கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

தன் துறையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்துவரச் சொன்னார். யாரோ அந்தத் துறைக்குத் தானமாகக் கொடுத்ததாம். நெற்றியில், புருவத்துக்கு மேலே உணரியை வைத்துப் பட்டையால் கட்டினார். கைகால் குளிர்ந்தாலும் நெற்றிக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அதனால் அங்கே துடிப்பு தெரியும். அவர் எழுதிய நிபந்தனையில் அந்த விளக்கம் இருந்தது. நான் அடித்த வரி.

அறுபத்தாறு.

தொடையில் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் அதையே சொன்னது. கட்டிலை உருட்டிக்கொண்டு போகும்போது மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த வெரல்ல தொண்ணூத்தெட்டு வராது சார். யாரு எடுத்தது?"

"வாசல்ல சிஸ்டர்தான் எழுதுனாங்க" என்றேன்.

அது உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படி எழுதத்தான் முப்பத்தாறு ஆண்டு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பதினோரு நாள் மூச்சுக் கருவியில் இருந்தார். பிழைத்தார். நுரையீரல் தேறிவிட்டது. மூளைக்கு ஆக்சிஜன் குறைவாகப் போன நேரம் அதிகம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். திரும்பவில்லை. சாப்பிடுவார், நடப்பார், என்னை அடையாளம் தெரியும். கூட்டல் உண்டு. பெருக்கல் போய்விட்டது.

பெங்களூர் மகன் போனில் கொதித்தான். "சித்தப்பா, விடக் கூடாது. ஒங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே. மனு ஒண்ணு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். எப்படி எழுதினால் மனு நிற்கும் என்று எனக்குத் தெரியும். எப்படி எழுதினால் விழும் என்பதும் தெரியும். ஆறு பக்கம். மின்விசிறி ஓடாததை எழுதினேன். போர்வை அழுக்கை எழுதினேன். எல்லாருக்கும் மூச்சு இருபது என்று எழுதுகிற பழக்கத்தை நாலு பத்திக்குக் கண்டித்தேன். தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது.

விசாரணை நடந்தது. நர்ஸிடம் கேட்டிருக்கிறார்கள். திரையில் தொண்ணூற்றெட்டு பார்த்தேன், எழுதினேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மை. ஒரு மாதத்தில் பதில் வந்தது: அனுமதிப் படிவத்தின் அனைத்துக் கட்டங்களும் முறையாக நிரப்பப்பட்டுள்ளன, நடைமுறையில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை. வாக்கியத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நான் பழக்கிவிட்ட எழுத்தர் எழுதியது. என் நடை.

மகனுக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க எவ்வளவோ செஞ்சீங்க சித்தப்பா" என்றான்.

மருத்துவர் சொன்னபடி நெற்றியில் கட்டும் உணரி ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது காலை ஆறரை மணிக்கு அதைத்தான் கட்டுகிறேன். எண்ணை ஒரு நோட்டில் எழுத வேண்டும், மாதம் ஒரு முறை மருத்துவர் பார்ப்பார். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, இப்படி வரும். அண்ணன் பட்டையோடு உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருப்பார். என்ன எண் வந்தாலும், "இது எதுலலே வகுபடும்?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். சில நாள் தப்பாகச் சொல்வேன். "ஆமா, ஆமா" என்பார். முதலில் அதில் எனக்கு ஒரு சின்னச் சுகம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

போன வாரம் நெற்றி உணரிக்குச் சார்ஜ் இல்லை. பழைய விரல் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினேன். கோடு. தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். கோடு. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைய அதைக் கழற்றினார். என் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, அதில் மாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. அவ்வளவு குளிர்ச்சி.

துண்டை விலக்கிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு.

"எழுதுலே" என்றார்.

நோட்டை எடுத்து எழுதினேன்.